கையிருப்பு குறைவாக இருக்கும்போது இடைமறிப்பு ஏவுகணைகளை ஒதுக்கும் கணக்கு: ஒரு செய்முறை வழிகாட்டி

நான்கு ஏவுகணைகள் நான்கு வெவ்வேறு இடங்களை நோக்கி வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை வானிலேயே அழிப்பதற்குக் கையிருப்பில் ஆறு இடைமறிப்பு ஏவுகணைகள் மட்டுமே உள்ளன. எதன்மீது எத்தனையை ஏவுவது? இந்தக் கேள்விக்குக் கணித வடிவம் கொடுத்தவர்களில் முன்னோடி, 1958-இல் இதைப் பற்றி எழுதிய அமெரிக்கப் பொருளியலாளர் ஆலன் மானே. செயல்பாட்டு ஆய்வியலில் இது ஆயுத-இலக்கு ஒதுக்கீடு என்று வழங்கப்படுகிறது. இது என்பி-முழுமை வகையைச் சேர்ந்தது, அதாவது எல்லா நேர்வுகளுக்கும் விரைவாகத் தீர்வு தரும் பொதுவழி எதுவும் இதுவரை அறியப்படாத வகையைச் சேர்ந்தது என்று 1986-இல் லாய்டு, விட்சன்ஹவுசன் ஆகிய இருவரும் நிறுவினார்கள். ஆனாலும் நடைமுறையில் எழும் அளவுள்ள கணக்குகளைப் பள்ளி அளவிலான நிகழ்தகவு அறிவும் ஒரு சாதாரண மடிக்கணினியும் கொண்டு நன்றாகவே தீர்க்க முடியும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கில் கடினமான பகுதி தீர்வு காணும் நிரல் அன்று; எதைக் குறைக்க விரும்புகிறோம் என்று எழுதும் அந்த ஒற்றை வரிதான். அந்த வரி தவறினால், மிகத் துல்லியமான தீர்வுகூட மக்களைத் தவறான இடத்தில் பாதுகாப்பின்றி விட்டுவிடும்.

முதலில் திரட்ட வேண்டியவை

மூன்று வகை எண்கள் தேவை. முதலாவது, வரும் ஒவ்வோர் ஏவுகணையும் தடுக்கப்படாமல் விழுந்தால் ஏற்படும் இழப்பின் மதிப்பு. இரண்டாவது, ஒவ்வோர் ஏவுதளத்திலிருந்து செல்லும் ஓர் இடைமறிப்பு ஏவுகணை குறிப்பிட்ட இலக்கை, அதாவது வரும் ஏவுகணையை, அழிப்பதற்கான நிகழ்தகவு. மூன்றாவது, கட்டுப்பாடுகள்: ஏவுதளவாரியான கையிருப்பு, ரேடார் ஒரே நேரத்தில் வழிநடத்தக்கூடிய இடைமறிப்பு ஏவுகணைகளின் எண்ணிக்கை, எந்த இலக்கை எந்த நேர இடைவெளிக்குள் எட்ட முடியும் என்பன.

இவற்றுள் மதிப்பைக் கணக்குப் போடுபவர் தனியாகத் தீர்மானிக்கக் கூடாது. ஒரு மின்நிலையத்துக்கு 100, ஒரு சிற்றூருக்கு 10 என்று எழுதும்போது, அந்தச் சிற்றூரில் வாழ்பவர்களைப் பற்றிய ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. மக்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பில் இருப்பவர்கள் அந்த எண்களைப் பார்த்து, காரணம் கேட்டு, ஒப்புதல் அளித்திருக்க வேண்டும். அதன் பிறகே அவை நிரலுக்குள் செல்ல வேண்டும்.

மதிப்பு பூச்சியமாக இருக்கும் இலக்குகளை முதலிலேயே விலக்கிவிடுவது மிகப் பெரிய சேமிப்பைத் தரும். இஸ்ரேலின் ராக்கெட் தடுப்பு அமைப்பான அயர்ன் டோம் இந்த எளிய கருத்தின் மேல்தான் நிற்கிறது. 2011 மார்ச் இறுதியில் பீர்ஷெபா நகருக்கு அருகில் நிறுத்தப்பட்டு ஏப்ரல் 7 அன்று முதல் இடைமறிப்பை நிகழ்த்திய அந்த அமைப்பில், வரும் ராக்கெட் எங்கே விழும் என்பதை ரேடார் தரவிலிருந்து உடனே கணிக்கிறார்கள். ஆளில்லாத வெட்டவெளியில் விழுவதாக இருந்தால் அதன்மீது ஏவுவதில்லை. ஓர் ஏவியில் 20 இடைமறிப்பு ஏவுகணைகளே இருக்கும்போது, எதை விட்டுவிடலாம் என்ற முடிவு எதை அழிப்பது என்ற முடிவுக்கு நிகரான எடை கொண்டது.

அடுத்த ஒன்றின் பயன்

எடுத்துக்காட்டைக் கையாலேயே போட்டுப் பார்ப்போம். நான்கு இலக்குகளின் மதிப்புகள் 100, 60, 40, 10. அவற்றை முறையே அ, ஆ, இ, ஈ என்போம். எந்த இடைமறிப்பு ஏவுகணையும் எந்த இலக்கையும் அழிப்பதற்கான நிகழ்தகவு 0.7, ஒன்றின் வெற்றி தோல்வி மற்றொன்றைச் சாராதது. அப்படியானால் ஓர் ஏவுகணை தப்புவதற்கான வாய்ப்பு 0.3, இரண்டை ஏவினால் 0.09, மூன்றை ஏவினால் 0.027.

இனி ஒவ்வோர் இலக்குக்கும் அடுத்ததாக ஏவப்படும் ஒன்று எவ்வளவு இழப்பைக் குறைக்கிறது என்று எழுதுங்கள். அ-வுக்கு முதலாவது 70, இரண்டாவது 21, மூன்றாவது 6.3. ஆ-வுக்கு 42, 12.6, 3.78. இ-க்கு 28, 8.4, 2.52. ஈ-க்கு 7, 2.1. எல்லா எண்களையும் ஒன்றாகச் சேர்த்து இறங்குவரிசையில் ஆறு எடுத்தால் 70, 42, 28, 21, 12.6, 8.4 கிடைக்கும். ஆக அ, ஆ, இ மூன்றுக்கும் தலா இரண்டு, ஈ-க்கு ஒன்றுமில்லை. மொத்த மதிப்பு 210-இல் எதிர்பார்க்கப்படும் இழப்பு 28 ஆகக் குறைகிறது.

மிக முக்கியமானதற்கு மூன்று, மற்றவற்றுக்குத் தலா ஒன்று என்று மனம் இயல்பாகச் சொல்லும் ஒதுக்கீட்டை இதே முறையில் கணக்கிட்டால் இழப்பு 35.7. ஏழாவது இடைமறிப்பு ஏவுகணை ஒன்று கிடைத்தால், அது அ-வுக்கு மூன்றாவதாகச் செல்லாமல் (6.3) ஈ-க்கு முதலாவதாகச் செல்ல வேண்டும் (7) என்பதையும் கவனியுங்கள். அடுத்தடுத்து ஏவப்படும் ஒவ்வொன்றின் பயனும் முந்தையதில் 0.3 பங்காகச் சுருங்குவதே இதற்குக் காரணம். இப்படி ஒவ்வொரு முறையும் அதிகப் பயன் தருவதைத் தேர்ந்துகொண்டே செல்வதைப் பேராசை முறை என்பார்கள். இடைமறிப்பு ஏவுகணைகள் எல்லாம் ஒரே திறனுடையவையாக இருக்கும்வரை இம்முறை தருவது உண்மையான உகந்த தீர்வே என்று 1959-லேயே நிறுவப்பட்டுவிட்டது.

இந்தப் பட்டியலிலிருந்து இன்னொரு பயனும் உண்டு. நாளையும் தாக்குதல் வரக்கூடும் என்றால், இன்று ஏவாமல் வைக்கும் ஒன்று நாளை எவ்வளவு இழப்பைத் தடுக்கும் என்று மதிப்பிட்டு, அதை ஒரு விலையாகக் கொள்ளுங்கள். அந்த விலை 10 என்றால், மேற்கண்ட பட்டியலில் 12.6 வரை ஏவலாம், 8.4 தரும் ஆறாவதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். நீண்டநாள் தாக்குதலில் கையிருப்பைக் காப்பதற்கு இதைவிடத் தெளிவான விதி எனக்குத் தெரியாது.

பேராசை முறை எங்கே தவறும்

ஏவுதளங்கள் வெவ்வேறு இடங்களில் இருந்தால் நிலைமை மாறும். 100 மதிப்புள்ள இரண்டு இலக்குகள். வடக்கு ஏவுதளத்தில் ஒன்று, தெற்கு ஏவுதளத்தில் ஒன்று என இரண்டே இடைமறிப்பு ஏவுகணைகள். வடக்கிலிருந்து செல்வது முதல் இலக்கை 0.8, இரண்டாவதை 0.7 நிகழ்தகவில் அழிக்கும். தெற்கிலிருந்து செல்வது முதலாவதை 0.7 நிகழ்தகவில் அழிக்கும். இரண்டாவது அதன் எல்லையோரத்தில் இருப்பதால் 0.1 மட்டுமே. பேராசை முறை 80 பயன் தரும் வடக்கு-முதல் இணையை உடனே எடுத்துக்கொள்ளும். பிறகு தெற்கிலிருந்து செல்வதையும் அதே இலக்கின்மீது செலுத்தி இன்னும் 14 பெற்று, மொத்தம் 94 உடன் நின்றுவிடும். வடக்கை இரண்டாவதற்கும் தெற்கை முதலாவதற்கும் அனுப்பினால் 70 + 70 = 140 கிடைக்கும்.

இந்நிலையில் சரியான தீர்வுக்கு முழு எண் திட்டமிடலுக்கு, அதாவது மாறிகள் முழு எண்களாக மட்டுமே இருக்கும் உகப்பாக்க முறைக்கு, செல்ல வேண்டும். ஒவ்வோர் இடைமறிப்பு ஏவுகணையும் எந்த இலக்குக்குச் செல்கிறது என்று நேரடியாக எழுதினால் குறிக்கோள் சார்பில் பெருக்கல் தொடர்கள் வந்து நேரிலாக் கணக்காகிவிடும். பத்து இடைமறிப்பு ஏவுகணை, பத்து இலக்கு என்ற சிறு கணக்கிலேயே சாத்தியமான ஒதுக்கீடுகள் 1000 கோடி. இதைத் தவிர்க்க, நான் பரிந்துரைப்பது தொகுப்பு முறை.

ஓர் இலக்குக்கு வடக்கிலிருந்து எத்தனை, தெற்கிலிருந்து எத்தனை என்ற ஒவ்வொரு சேர்க்கையையும் ஒரு தொகுப்பாகக் கொள்ளுங்கள். ஒவ்வோர் ஏவுதளத்திலிருந்தும் அதிகபட்சம் மூன்று என்றால் ஓர் இலக்குக்கு 16 தொகுப்புகள். 30 இலக்குகளுக்கு 480. ஒவ்வொரு தொகுப்பையும் தேர்ந்தால் எஞ்சும் இழப்பு எவ்வளவு என்பதை முன்கூட்டியே பெருக்கி எழுதிவிடலாம். அது வெறும் எண். நேரத்துக்குள் எட்ட முடியாத தொகுப்புகளை இந்தக் கட்டத்திலேயே நீக்கிவிடுங்கள். பிறகு கணக்கு மிக எளிதாகிறது: ஒவ்வொரு தொகுப்புக்கும் 0 அல்லது 1 என்ற மாறி, ஒவ்வோர் இலக்குக்கும் சரியாக ஒரு தொகுப்பு, ஏவுதளவாரியாகக் கூட்டினால் கையிருப்பை மீறக் கூடாது, மொத்த இழப்பு குறைவாக இருக்க வேண்டும். எல்லாம் நேரியல். பைத்தான் மொழியில் இதை எழுத இருபது முப்பது வரிகள் போதும். ஹைஸ் (HiGHS) போன்ற இலவசத் தீர்வு நிரல்கள் இந்த அளவிலான கணக்கை எளிதில் முடித்துவிடும்.

ஏவுதள வகைகள் ஐந்தாறுக்கு மேல் போனால் தொகுப்புகள் பெருகிவிடும். அப்போது தப்பும் வாய்ப்பின் மடக்கையை எடுத்தால் பெருக்கல் கூட்டலாகும். எஞ்சும் இழப்பு அந்தக் கூட்டலின் அடுக்குக்குறிச் சார்பு, அதாவது குவிந்த சார்பு. அதன்மீது சில தொடுகோடுகளை வரைந்து, இழப்பு எந்தத் தொடுகோட்டுக்கும் கீழே போகக் கூடாது என்ற கட்டுப்பாடுகளை இட்டால் மீண்டும் நேரியல் கணக்கு கிடைக்கும். தொடுகோடு எப்போதும் வளைகோட்டுக்குக் கீழேயே இருப்பதால், இப்படி வரும் விடை உண்மையான உகந்த இழப்பின் கீழ்வரம்பு. அந்த ஒதுக்கீட்டை அசல் வாய்பாட்டில் இட்டால் மேல்வரம்பு. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை எப்போதும் விடையோடு சேர்த்துச் சொல்லுங்கள். 2007-இல் அஹூஜா, குமார், ஜா, ஆர்லின் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், கீழ்வரம்புகளைக் கூர்மையாக்கியதன் மூலம் 80 ஆயுதம், 80 இலக்கு வரையிலான கணக்குகளைத் துல்லியமாகத் தீர்த்துக் காட்டினார்கள்.

குறிக்கோளை எழுதும் வரி

எதிர்பார்க்கப்படும் இழப்பைக் குறைப்பது என்பது சாதாரண வெடிகுண்டு தாங்கிய ஏவுகணைகளுக்குப் பொருந்தும். அணு ஆயுதம் தாங்கியவை வந்தால் பொருந்தாது. அங்கே ஒன்றுகூடத் தப்பக் கூடாது என்பதே குறிக்கோள். பத்து ஏவுகணைகள்மீது தலா இரண்டை ஏவினால், ஒவ்வொன்றும் அழிவதற்கான நிகழ்தகவு 0.91 என்பது நன்றாகவே தோன்றும். ஆனால் பத்தும் அழிவதற்கான நிகழ்தகவு 0.91-இன் பத்தாம் அடுக்கு, அதாவது 0.39. தலா மூன்று என்றால் 0.76, தலா நான்கு என்றால் 0.92. அமெரிக்கா தன் நிலப்பரப்பைக் காக்க அலாஸ்காவிலும் கலிபோர்னியாவிலும் சேர்த்து நிறுவிய இடைமறிப்பு ஏவுகணைகளின் எண்ணிக்கை 2017 இறுதியில் 44-ஐ எட்டியது; இலக்கு ஒன்றுக்கு நான்கு என்று கொண்டால் அவை 11 ஏவுகணைகளுக்கு மட்டுமே போதும். இந்த எளிய பெருக்கலைச் செய்யாமல் கவசம் முழுமையானது என்று யாரும் மக்களுக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது.

ஒரே சொத்தின்மீது பல ஏவுகணைகள் வரும்போதும் வரி மாற வேண்டும். இரண்டு அணைகள், ஒவ்வொன்றின்மீதும் மூன்று ஏவுகணைகள் வருகின்றன, ஒன்று விழுந்தாலும் அணை உடைந்துவிடும் என்று கொள்வோம். கையில் நான்கு இடைமறிப்பு ஏவுகணைகள். ஆளுக்கு இரண்டு என்று நியாயமாகப் பிரித்தால், இரு அணைகளிலும் ஓர் ஏவுகணையாவது தடையின்றி விழும். தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு இரண்டுக்கும் பூச்சியம். நான்கையும் ஒரே அணைக்குக் கொடுத்தால் 0.91 × 0.7 × 0.7, அதாவது ஏறத்தாழ 0.45 வாய்ப்பு கிடைக்கும். முதல் இரண்டு இடைமறிப்பு ஏவுகணைகளின் பயன் பூச்சியமாக இருந்து மூன்றாவதில்தான் பயன் எழுவதால், அடுத்த ஒன்றின் பயனை மட்டும் பார்க்கும் பேராசை முறை இங்கே தொடங்கவே முடியாது. தொகுப்பு முறையில் தொகுப்பை இலக்குக்கு அமைக்காமல் சொத்துக்கு அமைத்தால் இது தானாகவே சரியாகும். எதைக் கைவிடுவது என்பதை இக்கணக்கு வெளிப்படையாகச் சொல்லிவிடும் என்பதால், அந்த முடிவையும் மதிப்புகளைப் போலவே பொறுப்பானவர்கள் முன் வைக்க வேண்டும்.

ஏவி, பார்த்து, மீண்டும் ஏவுதல்

நேரம் இருந்தால், முதல் சுற்றின் விளைவைப் பார்த்த பிறகு இரண்டாம் சுற்றை முடிவு செய்வதைப் போன்ற சிக்கனம் வேறில்லை. ஓர் இலக்கின்மீது இரண்டையும் ஒன்றாக ஏவினால் 0.91, ஒன்றை ஏவி, தப்பினால் மட்டும் இன்னொன்றை ஏவினாலும் அதே 0.91. ஆனால் செலவாவது சராசரியாக 1.3 மட்டுமே. பத்து இலக்குகளுக்கு 20 செலவாகும் இடத்தில் சராசரியாக 13 போதும்.

கையிருப்பு குறைவாக இருக்கும்போது இது இழப்பையும் குறைக்கும். சம மதிப்புள்ள இரண்டு இலக்குகள், மூன்று இடைமறிப்பு ஏவுகணைகள் என்று கொள்ளுங்கள். ஒரே சுற்றில் இரண்டு, ஒன்று என ஏவினால் எதிர்பார்க்கப்படும் அழிவு 1.61. முதல் சுற்றில் தலா ஒன்றை ஏவி, மூன்றாவதைக் கையில் வைத்திருந்தால்: இரண்டும் அழிய 0.49 வாய்ப்பு, அப்போது எண்ணிக்கை 2. ஒன்று மட்டும் அழிய 0.42, அப்போது மூன்றாவதைச் சேர்த்து 1.7, இரண்டும் தப்ப 0.09, அப்போது 0.7. பெருக்கிக் கூட்டினால் 1.757. தப்புபவை 0.39-இலிருந்து 0.243 ஆகக் குறைகின்றன. கூடுதலாக ஓர் ஏவுகணையும் வாங்காமல்.

இதைப் பெரிய அளவில் செய்வதற்கு ரிச்சர்ட் பெல்மன் வகுத்த இயங்குநிலைத் திட்டமிடல் பயன்படும். எஞ்சியுள்ள இலக்குகள், எஞ்சியுள்ள கையிருப்பு ஆகிய இரண்டையும் நிலையாகக் கொண்டு, கடைசிச் சுற்றிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு நிலையின் சிறந்த மதிப்பையும் அட்டவணையில் நிரப்பிக்கொண்டே வர வேண்டும். இலக்குகள் ஒரே மதிப்புடையவையாக இருந்தால் அட்டவணை சிறியது. மதிப்புகள் வேறுபட்டால் நிலைகள் மிக விரைவாகப் பெருகும். அப்போது முதல் சுற்றை மட்டும் கவனமாகத் தேர்ந்து, பின்வரும் சுற்றுகளைப் பேராசை முறையால் தோராயமாக மதிப்பிடுவது போதுமான அளவு நல்ல விடையைத் தரும்.

சார்பின்மை என்ற அனுமானம்

மேலே உள்ள எல்லா அடுக்குகளும் ஓர் ஏவுகணையின் தோல்வி மற்றொன்றைச் சாராது என்பதை நம்பியே எழுதப்பட்டன. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நடந்தது இந்த நம்பிக்கையின் எல்லையைக் காட்டுகிறது. அங்கிருந்த பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு ஏறத்தாழ 100 மணி நேரம் தொடர்ந்து இயங்கியிருந்தது. நொடியின் பத்தில் ஒரு பங்கை 24 பிட் இரும எண்ணாக வெட்டிச் சேமித்ததால் ஒவ்வொரு முறையும் எழுந்த மிகச் சிறு பிழை சேர்ந்து சேர்ந்து கடிகாரத்தை ஏறத்தாழ 0.34 நொடி பிசகச் செய்தது. வந்த ஸ்கட் ஏவுகணையை ரேடார் தவறான இடத்தில் தேடியது. இடைமறிப்பு ஏவுகணை ஏவப்படவே இல்லை. 28 அமெரிக்க வீரர்கள் உயிரிழந்தார்கள். அந்த ஏவிகளில் இன்னும் எத்தனை ஏவுகணைகள் நிரப்பப்பட்டிருந்தாலும் விளைவு மாறியிருக்காது.

ஆகவே வாய்பாட்டில் பொதுத் தோல்விக்கென ஒரு பெருக்கியைச் சேருங்கள். ரேடாரும் கட்டுப்பாட்டு அமைப்பும் சரியாக இயங்குவதற்கான நிகழ்தகவு 0.95 என்றால், ஓர் இலக்கின்மீது நான்கை ஏவினாலும் வெற்றி 0.942, எத்தனையை ஏவினாலும் 0.95-ஐத் தாண்டாது. இப்படி எழுதிய பிறகு, அடுத்த இடைமறிப்பு ஏவுகணையை வாங்குவதா, வேறு ரேடாருடன் இணைந்த இரண்டாவது ஏவுதளத்தை அமைப்பதா என்ற கேள்விக்கும் அதே கணக்கே விடை சொல்லும். எனது கருத்தில், அடுக்கடுக்கான பாதுகாப்புக்கு ஆதரவான மிக வலிமையான கணித வாதம் இதுதான்.

எதிரி பார்த்துவிட்டு நகர்வார்

ஏவுதளங்களை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்கும்போது, தாக்குதலை முன்கூட்டியே தெரிந்த ஒன்றாகக் கொள்வது ஆபத்தானது. செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, பாதுகாப்பு மெலிந்த இடத்தை எதிரி தேர்ந்தெடுப்பார். எனவே கணக்கை இரண்டு அடுக்காக எழுத வேண்டும்: நாம் நிறுத்தும் ஒவ்வோர் அமைப்புக்கும் எதிரியால் ஏற்படுத்தக்கூடிய அதிகபட்ச இழப்பைக் கண்டு, அந்த அதிகபட்சம் எந்த அமைப்பில் மிகக் குறைவோ அதைத் தேர்வது. அமெரிக்கக் கடற்படையின் மான்டரே முதுநிலைப் பள்ளியில் ஜெரால்டு பிரவுனும் குழுவினரும் 2005-இல் வெளியிட்ட மாதிரி இத்தகையது. எதிரியின் உட்கணக்கு நேரியலாக இருந்தால் அதன் இருமைக் கணக்கை (அதே விடையைத் தரும் குறைத்தல் வடிவத்தை) எடுத்து இரண்டையும் ஒரே குறைத்தல் கணக்காக மாற்றிவிடலாம். முதன்முறை செய்பவர்கள் அதற்குப் போகாமல், பத்துப் பன்னிரண்டு நிறுத்தல் திட்டங்களையும் அதே அளவு தாக்குதல் திட்டங்களையும் ஓர் அட்டவணையில் இட்டு, ஒவ்வொரு வரிசையின் மோசமான எண்ணைக் குறித்துக்கொண்டு ஒப்பிடுவதே தொடங்குவதற்கு ஏற்றது.

விடையை நம்புவதற்கு முன்

நிகழ்தகவு 0.7 என்பது சோதனைக் களத்தில் கிடைத்த எண் என்று கொள்வோம். உண்மைத் தாக்குதலில் அது மாறலாம். நம் முதல் எடுத்துக்காட்டை 0.5 கொண்டு மீண்டும் போட்டால் உகந்த ஒதுக்கீடு அ முதல் ஈ வரை 3, 2, 1, 0, 0.9 கொண்டு போட்டால் 2, 2, 1, 1. ஒரே கேள்விக்கு மூன்று விடைகள். எதைத் தேர்வது? ஒவ்வொரு திட்டத்தையும் மூன்று நிகழ்தகவுகளிலும் கணக்கிட்டு, அந்தந்த நிகழ்தகவின் உகந்த விடையைவிட எவ்வளவு கூடுதலாக இழக்கிறோம் என்று எழுதுங்கள். 3, 2, 1, 0 திட்டத்தின் மோசமான கூடுதல் இழப்பு 8.1; 2, 2, 1, 1 திட்டத்தினுடையது 7.5, நாம் முதலில் கண்ட 2, 2, 2, 0 திட்டத்தினுடையது 5.4. நிகழ்தகவு உறுதியாகத் தெரியாத நிலையில் இம்மூன்றில் அதுவே பாதுகாப்பானது.

இறுதியாக, தேர்ந்த ஒதுக்கீட்டை ஒரு தனி உருவகப்படுத்தும் நிரலில் பத்தாயிரம் முறை ஓட்டிப் பாருங்கள். அந்த நிரலை, உகப்பாக்க மாதிரியை எழுதியவரைத் தவிர்த்து வேறொருவர் எழுதுவது நல்லது. பொதுத் தோல்வி, தாமதம், ஒரே இலக்கை இரண்டு ஏவுதளங்களும் தவறுதலாக எடுத்துக்கொள்வது ஆகியவற்றை அவர் சேர்க்க வேண்டும். சராசரி இழப்பு மாதிரி சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு, மிக மோசமான நூறு ஓட்டங்களைத் தனியே எடுத்து ஒவ்வொன்றாகப் படியுங்கள். அவற்றில் ஒரே ஊர் மீண்டும் மீண்டும் அடிபட்டால், அந்த ஊரின் பெயரையும், அதற்குக் கொடுக்கப்பட்ட மதிப்பையும், அங்கே ஓர் இடைமறிப்பு ஏவுகணையைக் கூடுதலாக ஒதுக்கினால் மற்ற இடங்களில் எவ்வளவு இழப்பு கூடும் என்ற எண்ணையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள்.